சோதனைச் சாவடியில் 142857

ஓர் எண்ணின் பெருமையைப் பேசப்போய் இராணுவத்திடம் மாட்டிக்கொண்டவன் திருகோணமலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அந்த எண் 142857. இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. அதே இலக்கங்கள், அதே ஒழுங்கு, தொடங்கும் இடம் மட்டும் வேறு. ஆறால் பெருக்கும் வரைக்கும் இப்படியே சுற்றும். (இதைக் கேட்டும் நெஞ்சு படபடக்காதவர்களோடு எனக்குக் கதையில்லை.)

யுத்த காலம். கப்பல்துறை என்ற கிராமத்தில் நான் புதுக் கணித ஆசிரியர். நகரத்தில் பாடசாலைகளுக்கிடையே கணிதக் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. இந்த முறை மதிக்க வைத்தே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மட்டையில் சக்கரம் வெட்டி, ஓரத்தில் ஆறு இலக்கங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன பல்ப் பூட்டினேன். சுழற்றினால் விடை தொடங்கும் இலக்கத்தில் பல்ப் எரியும். அதற்கு வயரும், கைவிளக்குக்குப் போடும் ரோச் பற்றறி இரண்டும்.

"அண்ணா, பற்றறியும் வயருமாய் பஸ்ஸில கொண்டுபோக ஏலாது. ஆமிக்காரர் பிடிப்பாங்கள்," என்றாள் துணைக்கு வந்த தங்கை வதனி.

"விசர்க்கதை கதையாதை. இது கணிதம். பார்த்த உடன விளங்கும்."

விளங்கியது. சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். என் பையைத் திறந்த சிப்பாய், வட்டமாக இலக்கங்கள், வயர், பற்றறி எல்லாவற்றையும் கண்டதும் மணிக்கூட்டு வெடிகுண்டு என்றே முடிவுகட்டிப் பின்னால் பாய்ந்தான். பயணிகள் சிதறி ஓடினார்கள். (ஓட்டத்தில் கண்டக்டருக்கு முதலிடம்.) நான் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அதிகாரி வந்தார். தமிழ் தெரிந்தவர்.

"இது என்ன?"

"ஒரு எண், சேர்."

சக்கரத்தைக் காட்டி விளக்கினேன். பதற்றத்தில் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. "எந்த எண்ணால பெருக்கினாலும் இதே இலக்கங்கள்தான் சேர் வரும். நீங்களே ஒண்டு சொல்லுங்கோ."

"ஏழு."

வதனி கண்ணை மூடிக்கொண்டாள்.

குந்தியிருந்து மணலில் குச்சியால் பெருக்கினேன். 999999.

"ஒன்று எங்கே? நாலு எங்கே?" என்றார் அதிகாரி. சிப்பாயின் துப்பாக்கி என் பக்கம் திரும்பியது.

புத்தியுள்ளவன் அழுதிருப்பான். எனக்கோ ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. என் எண்ணையா சந்தேகப்படுவது?

"அதுதான் சேர் இதின்ர வடிவே! ஒண்டை ஏழால பிரிச்சுப் பாருங்கோ. இந்த ஆறு இலக்கமும்தான் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். அதாலதான் ஏழால பெருக்க எல்லாம் ஒன்பதாய் நிக்குது!"

வகுப்பில் கத்துவதுபோலவே கத்தினேன். அதிகாரி என் கையிலிருந்த குச்சியை வாங்கித் தானே வகுத்தார். இலக்கங்கள் இரண்டாம் முறையும் அதே வரிசையில் வரத் தொடங்கியபோது சிரித்துவிட்டார்.

"போங்க மாஸ்டர்," என்றார். பற்றறிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கண்காட்சியில் பல்ப் எரியவில்லை. முன்னமே வந்து காத்திருந்த எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சக்கரத்தைக் கையால் சுழற்றி, தொண்டை கிழியக் கத்தி, மண்டபத்தில் இருந்தவர்களை எல்லாம் எங்கள் மேசைக்கு இழுத்துவிட்டார்கள். பரிசு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனது. கூட்டம் எங்களோடு நின்றது. அன்று என்னைப் பிடிக்க முடியவில்லை.

வதனி இப்போது கனடாவில். தொலைபேசியில் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், "அண்ணா, ஏழால பெருக்கட்டோ?" என்பாள். இப்போது அவளுடைய பிள்ளைகளும் கேட்கப் பழகிவிட்டார்கள்.

"தாராளமாய்ப் பெருக்கு," என்பேன். "எல்லாம் ஒன்பதாய்த்தான் வரும்."