ஓரமாப்போ ஏட்டும் என் கல்யாண பஸ்ஸும்

உச்சி வெயிலையே ஓரமாகப் போகச் சொல்லக்கூடிய ஆள் உசிலம்பட்டியில் ஒருவர்தான் இருந்தார். ஓரமாப்போ ஏட்டு. அவருடைய சொந்தப் பெயர் பெற்றவளுக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம். சந்தைக்கு வருகிற மாட்டுவண்டி, சைக்கிள், ஆடு எல்லாம் இடது ஓரமாகத்தான் போக வேண்டும். பிணம் தூக்கிப் போகிறவர்களையே நிறுத்தி, “கால்மாடு ரோட்டுக்குள்ள வருது, ஒதுக்கிப் பிடிங்கப்பா” என்றவர். வண்டியில் தூங்கிக்கொண்டு வந்தவனை எழுப்ப மாட்டார். மாட்டை வந்த வழியே திருப்பிவிடுவார். அவன் கண் விழிக்கும்போது சொந்தத் தொழுவத்தில் இருப்பான். கோர்ட்டில் அபராதம் கட்டுவதே மேல் என்பார்கள்.

இவரிடம்தான் என் கல்யாண பஸ் மாட்டியது.

யுத்த காலம். கரி போட்டு ஓட்டுகிற பஸ். எங்கள் பக்கத்தில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போய்த்தான் தாலி கட்டுவது. பஸ்ஸை ஓட்டியவர் என் பெரியப்பா மகன். சொந்தக்காரர்கள் கூரை மேல்கூட இருந்தார்கள். முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அது தப்பினால் கல்யாணமே இல்லை என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, மாலை நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் அரை மைல் இருக்கும்போது, சந்தை முக்கில் கையைக் காட்டினார் ஏட்டு.

“எம்புட்டுப் பேரப்பா ஏத்தியிருக்க? பாதிப் பேரு எறங்குனாத்தான் பஸ்ஸு நகரும். இல்லேன்னா உன் லைசென்ஸு போயிரும்.”

யார் இறங்குவது? எங்கள் ஆட்களிடம் அது லேசான கேள்வி இல்லை. முதலில் இறங்குகிறவன் தூரத்துச் சொந்தம் என்று ஆகிவிடும்.

“நான் தாய்மாமன். நான் எறங்குனா சீர யாரு செய்யுறது?”

“அப்ப சித்தப்பன் நான் வேத்தாளா மச்சான்?”

ஒருவரும் அசையவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“சரி, பொண்ணுக்கு நெருங்குன சொந்தம் மட்டும் எறங்கி முன்னால நடங்க. மத்தவுக உக்காந்து வாங்க.”

கண் மூடித் திறப்பதற்குள் பஸ் காலி. தாய்மாமன் சன்னல் வழியாகக் குதித்தார். டிரைவர் அண்ணனும், “நான் மட்டும் கூலிக்கா வந்தேன்?” என்று இறங்கிவிட்டார். உள்ளே நான் ஒருத்திதான் மிச்சம்.

“ஏப்பா, நீ ஏறுப்பா,” ஏட்டு கெஞ்சினார்.

“எறங்குனவன் திரும்பி ஏறுனா ஊருல சிரிப்பாய்ங்க. நான் அவளுக்கு அண்ணன்யா.”

ஏட்டு தலையில் கைவைத்தார். பிறகு, “ஆத்தா, நீயும் எறங்கு. நடந்துருவோம்” என்றார்.

சந்தை நாள். வண்டிகள் நெருக்கி நின்றன. அவர் லத்தியை வீசிக்கொண்டு முன்னால் ஓடினார். “ஒதுங்கு, ஒதுங்கு, பொண்ணு வருது.” நடு ரோடு முழுவதும் எனக்கே கிடைத்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். முகூர்த்தத்துக்குள் தாலி ஏறிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டபோது அவரைக் காணவில்லை.

மறுவீடு அழைக்க அண்ணன் வந்தார். அதிக ஆள் ஏற்றியதாக வழக்குப் போட பஸ்ஸில் ஆள் இல்லையாம். ஆளில்லாத பஸ்ஸை நடு ரோட்டில் விட்டுப்போனதாக வழக்குப் போட்டிருந்தார் ஏட்டு. என் மாமனார் முன்னாலேயே அண்ணன் ஏட்டை வண்டை வண்டையாகத் திட்டினார்.

“அவரை ஒண்ணும் சொல்லாதீகண்ணே,” என்றேன், கதவுக்குப் பின்னாலிருந்து.

புகுந்த வீட்டில் நான் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அதுதான்.