எலும்புக்கு அடித்த பெயின்ட்

தேனி ஜில்லாவிலேயே உயிரோடு இருக்கிறவனை ‘வாடா போடா’ என்றும், எலும்பை ‘வாங்க ஐயா’ என்றும் கூப்பிட்ட ஒரே மனுஷர் எங்கள் எலும்பு சார்தான்.

அவருக்கு இன்ஜினியரிங் காலேஜ் லேப்பில் வேலை. நான் பக்கத்துத் தெருவில் பைக்குக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஒருநாள் ஹெல்மெட்டை வைக்கிற மாதிரி ஒரு தொடை எலும்பை என் மேஜையில் வைத்தார். யாரோ பெரியவர் தானமாகக் கொடுத்த உடம்பாம். வெள்ளை அடித்து, மேலே கரும்புள்ளி தெளிக்க வேண்டும். மெஷின் எலும்பை உடையும்வரை அமுக்கும். புள்ளி நகர்வதைக் கேமரா பார்க்கும். எந்த இடம் எவ்வளவு இழுபடுகிறது என்று தெரிந்துவிடும். எலும்பு வந்த சேதி கேட்ட என் முதலாளி அன்று கடைப்பக்கமே வரவில்லை.

நான் ஸ்டென்சில் வைத்து, கோலத்துக்கு வைப்பதுபோல வரிசையாகப் புள்ளி அடித்துக் கொடுத்தேன்.

“ஏலே, எல்லாப் புள்ளியும் ஒண்ணுபோல இருந்தா எது எங்கன போச்சுன்னு கேமரா எப்படிரா கண்டுபிடிக்கும்? அம்மை போட்ட மாதிரி கன்னாபின்னான்னு அடி” என்றார் சார்.

அடித்தேன். உடைவதைப் பார்க்க என்னையும் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அப்பா போடிமெட்டு ரோட்டில் ஜீப்பிலிருந்து விழுந்து, தொடை உடைந்து செத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. குடித்துக் குடித்து எலும்பு உளுத்துப்போனது, அதனால்தான் உடைந்தது என்று துக்கத்துக்கு வந்தவர்களே அம்மா காதுபடப் பேசினார்கள். நல்ல எலும்பு உடையுமா, உடையாதா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

டெஸ்ட் அன்று காலேஜ் தாளாளர் தேங்காயோடு வந்துவிட்டார். மெஷினுக்குச் சந்தனம், கம்ப்யூட்டருக்குச் சந்தனம். அதே வேகத்தில், மாட்டியிருந்த எலும்புக்கும் மூன்று விரலால் ஒரு பட்டை, நடுவில் குங்குமம். என் புள்ளியெல்லாம் அடியில் போய்விட்டது. கேமரா கைவிரித்துவிட்டது.

“சாமி காரியத்துக்குக் கேமரா கோவிச்சா நாம என்னய்யா செய்ய? சும்மா ஒடைச்சுக் காட்டுங்க, போட்டோ எடுத்துட்டுச் சாப்பிடப் போவோம்” என்றார் தாளாளர்.

இருப்பது ஒரே எலும்பு. சார் மெஷினுக்குக் குறுக்கே நின்றுவிட்டார். தாளாளர் முறைத்துக்கொண்டே சாப்பிடப் போனார். “கொஞ்சம் பொறுத்துக்கங்க ஐயா” என்று சார் எலும்பைத் துடைத்துப் பிடிக்க, நான் திரும்ப அடித்தேன்.

மெஷின் அமுக்கியது. வெறும் கண்ணுக்கு எலும்பு அசையவே இல்லை. திரையில்தான் நீலம் பச்சையானது, ஓரத்தில் மஞ்சள் வந்தது, ரொம்பப் பொறுத்துச் சிவந்தது. டப்பென்று போனது.

இது நல்ல எலும்பா என்று கேட்டேன். முதல் தரம் என்றார். அப்படியென்றால் அப்பாவுடையது?

“பாக்காத எலும்பப் பத்திச் சொல்லமாட்டேன்டா. ஆனா நல்ல எலும்பும் ஒடையும். ஐயா எம்புட்டு நேரம் தாங்குனாக, பாத்தேல்ல? எல்லாம் கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கு. ஒங்க அம்மாவக் கூட்டியா, போட்டுக் காட்டுறேன்.”

அம்மா வந்து முழுசாகப் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். சார் போட்டார், சிவப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எலும்பு இன்னும் தாங்கி நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, டீ சொல்லி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.