மே மாதத்துக்குப் பயந்த டீச்சர்

உலகத்தில் பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பல்லிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, மாமியாருக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. மே மாதத்துக்குப் பயந்த ஒரே மனுஷி எங்கள் 'மறந்துட்டியா டீச்சர்'தான்.

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. முழுப் பரீட்சை முடிந்தால் மற்ற வாத்தியார்களுக்கு முகத்தில் ஒரு களை வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். போனை அணைத்து அலமாரியில் போட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுக்கிற ஆள் நான். டீச்சருக்கோ அன்றைக்குத்தான் பயம் ஆரம்பிக்கும்.

"சார், இந்தப் பிள்ளைங்க மண்டையில இருக்கறதெல்லாம் இந்த வெயில்ல ஆவியாப் போயிடும் சார்."

"போனா போவுது டீச்சர். மழை பேஞ்சா திரும்ப வந்துடும்."

"ஒங்களுக்கு எல்லாமே வெளையாட்டு."

மறுநாளே குடையும் வண்டியுமாகக் கிளம்பிவிடுவார். பையன்கள் கிணற்றில் குதித்துக்கொண்டிருப்பார்கள். மேட்டில் டீச்சர் தலை தெரியும். "ஏழெட்டு எவ்ளோடா? மறந்துட்டியா?" பதில் தெரியாதவன் தண்ணீருக்குள் முங்கிவிடுவான். எப்படியும் மூச்சு முட்டி மேலே வந்துதானே ஆக வேண்டும்? அதுவரை டீச்சர் குடை பிடித்து நிற்பார். ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போன நாலைந்து பையன்கள் இவர் வண்டிச் சத்தம் கேட்டு அகழியில் இறங்கி ஒளிந்தார்கள். கோட்டைக்கு அகழி எதற்கு என்பதை அன்றைக்குத்தான் அனுபவத்தில் படித்தார்கள்.

ஒரு காதணி விழாவில் மாமன் மடியில் உட்கார்ந்திருந்த எங்கள் பள்ளிப் பிள்ளை, காது குத்த வந்தவரைப் பார்த்துப் போட்ட கூச்சலில் மண்டபமே அதிர்ந்தது. பாத்திரப் பரிசோடு மேடை ஏறிய டீச்சர், குனிந்து, "ஏழெட்டு?" என்றார். பிள்ளை பயத்தில் வாயடைத்து யோசிக்க ஆரம்பித்தது. "அம்பத்தாறு" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு காதும் குத்தியாயிற்று. அதிலிருந்து காது குத்துகிறவர், "டீச்சருக்கும் ஒரு பத்திரிகை வச்சிடுங்க" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பெற்றவர்கள் சண்டைக்கும் வந்தார்கள்.

"ஏன் டீச்சர், லீவுலயாவது எங்க புள்ளைங்கள வுடக்கூடாதா?"

"நான் வுட்டுடுவேங்க. படிப்பு அதுங்கள வுட்டுட்டா என்ன பண்றது?"

எங்கள் பக்கம் புத்தகம் இல்லாத வீடு உண்டு. பேனர் இல்லாத தெரு கிடையாது. கல்யாணம், காதுகுத்து, சாவு எதற்கும் ஃபிளெக்ஸ்தான். கண்ணில் படுகிற பேனரை எல்லாம் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது டீச்சரின் லீவுப் பாடம். பிள்ளைகள் பேனருக்குக் கீழே கூட்டமாக நின்று எழுத்துக் கூட்டுவார்கள். அதில் கூலிங்கிளாஸ் போட்டுப் படம் கொடுத்திருந்த மாப்பிள்ளைத் தோழன் ஒருவர், தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தினமும் தலைவாரிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

இப்படி ஊரையே படுத்தினாலும், அந்த வருடம் டீச்சரின் பயமெல்லாம் ஒரே பிள்ளை மேல்தான். மூன்றாம் வகுப்பு யாழினி. வருடம் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டி, பள்ளி மூடுகிற நேரத்தில்தான் படிக்க வந்தது அவளுக்கு. அப்பாவும் அம்மாவும் அவளைத் திருமழபாடியில் மாமன் வீட்டில் விட்டுவிட்டு, பள்ளி திறக்கும்வரை திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். தினமும் சாயங்காலம் மாமன் போனில் டீச்சரைக் கூப்பிட்டு, அன்று பார்த்த பேனரை ஒப்பிப்பாள். திடீரென்று போன் வருவது நின்றது. டீச்சர் கூப்பிட்டால் மாமன் போன் உயிரோடே இல்லை.

என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்திரிங்க சார். பைக்க எடுங்க. என் வண்டி அவ்ளோ தூரம் தாங்காது. திருமழபாடி போவணும்."

"இந்த வெயில்லயா? அவ ஆத்துல வெளையாடிட்டுக் கெடப்பா டீச்சர்."

"எந்திரிங்க சார்."

அரியலூர் தாண்டுவதற்குள் சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதியில் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. எரிச்சலில் கேட்டேன்: "ஒரு புள்ள ரெண்டு வரி மறந்தா என்ன டீச்சர்? திரும்பச் சொல்லிக் குடுத்தா போச்சு."

லாரிச் சத்தத்துக்கு மேல் பின்னாலிருந்து டீச்சர் சொன்னார்.

"முன்னாடி நான் இருந்த ஸ்கூல்ல ஒரு புள்ள சார். லீவுல எல்லாம் மறந்துட்டா. தொறந்த அன்னைக்கு கேட் வரைக்கும் வந்தா. மத்ததுங்க படிக்கிற சத்தம் கேட்டு வெக்கப்பட்டு அப்படியே திரும்பிப் போயிட்டா. அப்புறம் வரவேல்ல. மறக்கறதுக்கு நான் பயப்படல சார். வராமப் போயிடுமோன்னுதான்."

நான் பைக்கைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன்.

மாமன் வீட்டில் அத்தைக்காரி நின்றாள். "யாழினியா? ஆட்டுக் கொட்டாயிலதான் கெடக்குறா. ஆடு பாக்க ஆளில்லீங்க, இங்கயே இருக்கட்டும்னு பாக்குறோம். போனா? அது அவங்க மாமாகிட்டேந்து கொள்ளிடத்துல வுழுந்துட்டு."

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. கொட்டகையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். வாசலில் சட்டென்று நின்றார்.

எங்கள் பக்கம் பேனருக்கு இரண்டு ஜென்மம். விசேஷம் முடிந்ததும் அது கூரையாகிவிடும். அந்தக் கொட்டகைக்கும் பழைய பேனர்தான் கூரை, எழுத்து உள்பக்கமாக. கீழே சாக்கில் வாண்டுகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. நடுவில் யாழினியும் மல்லாந்தபடி, ஆடு ஓட்டுகிற குச்சியால் மேலே காட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணீர் அஞ்சலி. சொல்லு."

கடைசி வாண்டு விழித்தது.

"நேத்துதான சொல்லிக் குடுத்தேன்? மறந்துட்டியா?"

அதே குரல், அதே இழுவை. நான் சிரித்துவிட்டேன். டீச்சர் என் முதுகுக்குப் பின்னால் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுதியாம்.

"ஸ்கூல் தொறந்ததும் அனுப்பிடுங்க" என்று அத்தைக்காரியிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிற வழியில் டீச்சருக்கு அடுத்த கவலை தொடங்கியது. "மல்லாந்து படுத்தா படிக்கிறா சார். பெஞ்சுல உக்காந்தா வருமா?"

பள்ளி திறந்த அன்று டீச்சர் பூட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டில் நின்றார். மணி அடித்தும் உள்ளே போகவில்லை. "வந்துடுவா டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே நானும் ரோட்டைப் பார்த்தேன். கடைசியில் பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து யாழினி இறங்கினாள், பின்னாலேயே மாமன்.

"அனுப்பலேன்னா நீங்க மறுபடியும் வந்து நிப்பீங்கன்னு வூட்டுல பயந்துட்டாங்க டீச்சர்" என்றார் மாமன்.

டீச்சர் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

போன வருடம் அவருக்கு ஜெயங்கொண்டம் பக்கம் மாறுதலாகிவிட்டது. இந்த மே மாதம் நான் போனை அணைக்கவில்லை. கட்டிலில் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். மாதம் பாதி போய்விட்டது, இன்னும் அவரிடமிருந்து ஒரு போனும் இல்லை. எங்களை மறந்துவிட்டாரோ என்று எனக்கும் பயம் ஆரம்பித்துவிட்டது.