தலை தெரிஞ்சா நம்ம தண்ணி

பழவேற்காடு ஏரியில் இருப்பதைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. இல்லாததையும் சேர்த்துப் பார்த்தவர் பைனாகுலர் ஒருவர்தான்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், கொஞ்ச காலம் அவர் இருந்த ஏரிக்கரை மீனவர் குப்பத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். பைனாகுலர் என்று பெயரே தவிர, அவர் கழுத்தில் ஒன்றும் தொங்கவில்லை. இருந்தது இரண்டு கண், அதில் ஒன்றில் புரை. ஆனால் வடக்கே ஆந்திரக் கரையில் புகை எழுந்தால் அங்கே என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார்.

"கத்திரிக்கா போட்டதுபா. மாங்கா போட்டிருந்தா பொகை இப்டி சாயாது."

நம்பாதவனைப் போய் ருசி பார்த்துவிட்டு வரச் சொல்வார். யாரும் போக முடியாது. எல்லை தாண்டினால் அந்தப் பக்கத்து மீனவர்கள் படகைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். எல்லை என்றால், தண்ணீரில் கோடா இருக்கிறது?

கோடு போட்டுக் கொடுத்தவரும் பைனாகுலர்தான். பூமி உருண்டையாச்சே, பெரிய ஏரியில் தண்ணீர் நடுவே மேடு தட்டி நிற்கும். அதனால் எதிர்க்கரைப் பனைமரம் தூரத்தில் தலையை மட்டும்தான் காட்டும். கிட்டே போகப் போக உடம்பு முளைத்து, கடைசியில் அடிமரம் தெரியும். "தலை தெரிஞ்சா நம்ம தண்ணி, காலு தெரிஞ்சா திரும்பு" என்பது அவர் சட்டம். குப்பமே அதை நம்பி வலை போட்டது.

அவர் காலமெல்லாம் நின்றபடி கோல் ஊன்றிப் படகு தள்ளியவர். மகனோ எஞ்சின் பிடித்து உட்கார்ந்தே ஓட்டுபவன். நிற்பவன் கண்ணுக்குத் தெரிகிற மரத்தின் கால், உட்கார்ந்தவனுக்குத் தெரியாது. ஒரு காலையில் அவன் பனந்தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டே எல்லையைத் தாண்டிவிட்டான். படகோடு பிடித்துக்கொண்டார்கள்.

சேதி கேட்டதும் பைனாகுலர் ஊர்த் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறினார். இறங்க மறுத்தார். சோறு கயிற்றில் போனது.

"இன்னா பைனாகுலரு, புள்ள தெரியறானா?" என்று கீழே நின்று கேட்பார்கள்.

தெரிகிறான், கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான் என்பார். அவர் மனைவி மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.

பஞ்சாயத்துப் பேசி ஆளை விட்டார்கள், படகை விடவில்லை. அதனால் மகன் ஏரி வழியாக வரவில்லை. பஸ் பிடித்து, திருப்பாலைவனம் வழியாக, அவர் முதுகுப் பக்கம் வந்து இறங்கினான்.

"நைனா, எறங்கு."

"கம்முனு இருடா. எம்புள்ள வர்றானான்னு பாத்துனு இருக்கேன்."

"நான்தான் நைனா."

இறங்கி வந்தார். மகனின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். உட்கார்ந்தா ஓட்டினாய் என்று கேட்டார். அவன் தலையாட்டினான்.

"நின்னு பாருன்னு நான் சொல்லவே இல்லியேடா."

படகு போனது போனதுதான். மகன் மீஞ்சூரில் ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்குச் சேர்ந்தான். அங்கே பார்ப்பதற்கு எதிர்ச்சுவர் இருக்கிறது. அதன்பின் பைனாகுலர் யார் வீட்டுக் குழம்பையும் பேசவில்லை. விடியலில் துறைக்கு வந்து, வடக்கே கிளம்பும் ஒவ்வொரு படகிலும் ஒருவனை எழுப்பி நிற்க வைத்தார். முட்டி வலிக்கிறது என்று அவரைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே நின்றார்கள்.

அப்புறம் நான் எத்தனையோ ஊர்த் தண்ணீரில் போய்விட்டேன். படகில் மட்டும் உட்காருவதில்லை. உட்காரச் சொல்லி எல்லாரும் கத்துகிறார்கள். உட்கார்ந்துவிட்டால், துறையில் நின்று பார்க்கும் அந்த மனுஷன் கண்ணுக்கு நான் எப்படித் தெரிவேன்?