அம்மாவின் பெயரில் நாற்பத்தொரு பக்கங்கள்

அன்பு மகள் சிஹாருவுக்கு,

மலைச்சரிவில் ஆரஞ்சுப் பழங்கள் நிறம் மாறி, கடற்காற்றும் குளிரத் தொடங்கிவிட்ட இந்நாளில், நீயும் மாப்பிள்ளையும் ஒசாகாவில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. பழப்பெட்டி தனியாக வருகிறது. இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

அம்மா இறந்த வருஷத்து நாள்காட்டியைப் போன மே மாதம்தான் சமையலறைச் சுவரிலிருந்து கழற்றினேன். பின்பக்கம் அவள் கையெழுத்தில் ஒரு தொலைபேசி எண், அடியில் இரண்டு கோடு. அழைத்துப் பார்த்தேன். "நகராட்சி, மக்கள் ஆலோசனைப் பிரிவு" என்று ஒரு பெண்குரல். பயந்து வைத்துவிட்டேன். யார்மேலும் ஒரு குறை சொல்லாதவள் நகராட்சியிடம் என்ன பேசியிருப்பாள்? கட்டின புருஷனிடம் சொல்ல முடியாதது அப்படி என்ன? மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. அப்புறம், அங்கே பேசுவதையெல்லாம் எழுதிவைப்பார்கள் என்று தெரிந்து, அந்தப் பதிவுகளைப் பார்க்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போடப் போனேன். அங்கே ஒகியாமா என்று ஐம்பது வயதுக்காரர், நல்ல மனிதர், அதனால் கோபப்படவும் முடியவில்லை. இறந்தவர் பதிவைக் குடும்பத்தார்தான் கேட்கலாமாம், நான் கணவன் என்பதற்குச் சான்று வேண்டுமாம். குடும்பப் பதிவேட்டு நகலோடு மறுபடி போனேன். கையெழுத்துக்குப் பதில் நான் குத்தியிருந்த பெயர் முத்திரை பார்சல் வாங்கக் குத்துவதாம், பதிவுசெய்த முத்திரைதான் செல்லுமாம். மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் அன்றைக்குப் பூகம்ப ஒத்திகை. அலுவலகமே மேஜைக்கடியில் உட்கார்ந்திருந்தது. எனக்கும் ஒரு தலைக்கவசம் கொடுத்தார்கள், இந்த முழங்காலோடு ஒகியாமா பக்கத்தில் குந்தினேன். எழுந்தபிறகு, விண்ணப்பத்துக்குக் காரணம் எழுதவே தேவையில்லை என்றார். நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "ஐயா, இது எங்களுக்கு வேண்டாம். ஆனா நீங்க பத்திரமா வச்சுக்குங்க" என்றார்.

ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. முடிவை மேலும் முப்பது நாள் தள்ளிவைக்கும் முடிவாம் அது. அதுவும் கழிந்து வந்தது நாற்பத்தொரு பக்கம். பாதி கறுப்பு மை பூசி மறைத்தது. மிச்சத்தைப் படித்தேன் சிஹாரு. வாராவாரம் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருக்கிறாள். கேட்ட கேள்விக்குக் கணவர் பதில் சொல்வதில்லை. கணவர் குளியல் தொட்டியைக் கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடத் தேய்த்ததில்லை. வாயில் வைப்பதற்கு முன்பே குழம்பில் சோயா சாஸ் ஊற்றுகிறார். டி.வி.யில் சுமோ மல்யுத்தம் பார்க்கும்போது வீடே தீப்பிடித்தாலும், அதற்குமேல் கறுப்பு. வெள்ளையில் இருந்ததெல்லாம் நான்தான், சந்தேகமே இல்லை. ஆனா கறுப்புல என்ன இருக்குன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கம் போச்சு. ஒகியாமாகிட்ட ஓடினேன். மறைத்ததெல்லாம் மூன்றாம் நபர் சம்பந்தப்பட்டது என்றார்.

"அந்த மூணாவது ஆளே நான்தானே, ஒகியாமா."

"இருக்கலாம் ஐயா. ஆனா இதுல வர்ற கணவர் நீங்கதான்னு தனியா நிரூபிக்கணும்."

எப்படி நிரூபிக்கிறது சொல்லு? தொட்டி தேய்க்கலைங்கறதுக்கு யார் சான்று தருவா?

ஒரு பக்கம் மட்டும் கறுப்பே இல்லாமல் இருந்தது. "பனி கொட்டும் ஊருக்கு ஒருமுறை சேர்ந்து போகலாமா என்று கணவரிடம் கேட்டேன், பனியில் என்ன இருக்கிறது என்றார், அவ்வளவுதான், வேறொன்றுமில்லை, வைக்கிறேன்." அப்படிச் சொன்ன ஞாபகம் எனக்கில்லை. ஆனால் சொல்லியிருப்பேன், என் வாய் எனக்குத் தெரியாதா. அன்றிலிருந்து தினம் தொட்டி தேய்க்கிறேன். சுமோ பார்ப்பதை விட்டேன். காலையில் அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேன். பிப்ரவரியில் அவள் படத்தை எடுத்துக்கொண்டு பனி கொட்டும் அவோமோரிக்குப் போக ரயில் சீட்டு வாங்கியாயிற்று. அவள் உன்னிடமும் இதையெல்லாம் சொல்லி அழுதாளா? அழுதிருந்தால், இத்தனை நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசினதுக்கு உனக்கு நன்றி. என்னை மன்னித்துவிடு.

நீங்கள் இருவரும் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லிக்கொண்டு, வெகுகாலம் சேர்ந்து வாழவேண்டும். மாப்பிள்ளை தொட்டி தேய்க்கிறாரா என்று நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா, தெய்ஜி இசோசாகி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஒகியாமாவும் அவர் மேலதிகாரியும், கையில் இனிப்புப் பெட்டியோடு. என் வயசுக்கு இவ்வளவு தாழ்ந்த வணக்கம் யாரும் வைத்ததில்லை. அந்த நாற்பத்தொரு பக்கமும் உன் அம்மாவுடையது இல்லையாம். மேல்துறைமுகத்தில் உன் அம்மா பெயரிலேயே இருந்தாளே இன்னொரு கிகுயோ இசோசாகி, அவளுடையதாம். முப்பத்துநாலு வருஷம் இந்த ஊரில் தபால் போட்டவன் நான், ஒருத்தி கடிதத்தை இன்னொருத்தி பெட்டியில் ஒருநாளும் போட்டதில்லை. பிறந்த தேதியைப் பார்க்கக் கூடாதா என்று கேட்காதே, முதல் கறுப்பே அதன்மேல்தான். காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் புருஷனை முடிவெட்டும் கடையில் அடிக்கடி பார்க்கிறேன், தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்றேன். கூடவே கூடாதாம். ரயில் சீட்டையும் ரத்து செய்துவிட்டேன். உன் அம்மாவுக்குக் குளிரே ஆகாது என்பது இப்போதுதான் உறைத்தது.

அவளுடைய சரியான பதிவு ஒரே ஒரு பக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன், அவள் இறந்த அதே வருஷம், ஒரே ஒரு அழைப்பு. கறுப்பே இல்லை. அப்படியே எழுதுகிறேன்: "கணவர் வருடாந்திர உடல் பரிசோதனைக்குப் போவதில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டார், அரசாங்கம் சொன்னால் கேட்பார். நினைவூட்டும் அட்டையில் தேதியைச் சிவப்பில் பெரிதாக எழுதி அனுப்ப முடியுமா? நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்." அதன்கீழே, "ஆவன செய்யப்பட்டது."

ஊரில் எல்லாருக்கும் சிவப்பில்தான் வருகிறது என்று நினைத்திருந்தேன். ஒகியாமாவிடம் கேட்டேன். "உங்க ஒருத்தருக்குத்தான் ஐயா. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லல."

இந்த வருஷ அட்டை நேற்று வந்தது. வியாழக்கிழமை, ஒன்பது மணிக்குப் போகிறேன்.