பாதரசத்துக்கு இடமாற்றம்

நீர்ப்பிரிவு அதிகாரி தம் சகலையை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, சகலையின் வாயில் பொரித்த கெண்டைமீன் இருந்தது. எதிரே புகைப்படக்காரர், "சார், இன்னும் கொஞ்சம் ரசிச்சுச் சாப்பிடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

சகலை வண்டல் பிரிவின் அதிகாரி. அக்காளையும் தங்கையையும் கட்டிய இருவரும் ஒரே ஏரியைப் பங்கு போட்டு ஆண்டார்கள். தண்ணீர் இவருக்கு, அடியில் கிடக்கும் சேறு அவருக்கு. மூடிப்போன ஆலை விட்டுச்சென்ற பாதரசம் யாருக்கென்று எந்த விதியிலும் இல்லை. சோதனையில் அது யார் பக்கம் அகப்படுகிறதோ அவர் வேலை போகும் என்பது மட்டும் இருந்தது.

ஆகவே நீர்ப்பிரிவு அதிகாரி, பொதுநலன் கருதி, ஏரியை அசையவிடவில்லை. படகுக்குத் தடை, குளிக்கத் தடை, கல்லெறியத் தடை. பாதரசம் மெல்ல இறங்கிச் சேற்றில் படிந்தது.

சகலை விடுவாரா? மோட்டார் படகில் ஏறிக் கலக்கு கலக்கென்று கலக்கினார். பாதரசம் மேலே வந்தது.

"என்ன சகலை, என் தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"உங்க சரக்குதானே சகலை. இறக்கிவிட்டது நீங்கதானே!"

அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மேலதிகாரி இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"படகு இல்லாதப்பவும் கெண்டைமீன் சேத்தைக் கிளறுது சார்," என்றார் சகலை. "தின்னவும் செய்யுது."

மேலதிகாரி முகம் மலர்ந்தது. "அப்போ பாதரசம் மீனுக்குள்ள போயிடுது. மீனுக்கு நம்மகிட்ட பிரிவு இருக்கா?"

"போன வருஷமே மூடிட்டோம் சார்."

"அப்புறம் என்னய்யா! பிடிச்சு வெளியேத்துங்க."

"எங்கே சார்? புதைச்சா சகலை கணக்கு, தண்ணியில விட்டா என் கணக்கு."

"தின்னுட்டா?"

அப்படித்தான் ஏரி விருந்து பிறந்தது. ஏரி மீனோடு படம் எடுத்துக்கொள்ளாதவன் மனிதனே இல்லை என்றானது. தொடக்க விழாவில் முதல் துண்டு சகலைக்கு.

"துப்பிடுங்க சகலை," என்று இவர் காதில் கிசுகிசுத்தார்.

"விருந்துக்குக் கையெழுத்துப் போட்டவனே துப்பினா ஊர் சிரிக்காது? நீங்களும் ஒரு துண்டு…"

"எனக்கு வயிறு சரியில்லை."

இவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, தலைமையகம் போனார். சகலைக்குத் தினம் ஒரு விருந்து. கை நடுங்கிற்று, பிறகு நாக்குக் குழறிற்று. இவர் சாவுக்குத்தான் திரும்பி வந்தார்.

"அத்தான், அவரு எதனால போனாருன்னு சாவுப் பதிவுல நீங்களாவது உள்ளதை எழுதிக் குடுங்க," என்றாள் மச்சினி.

இவர் பேனாவைத் திறந்தார். துக்கத்துக்கு வந்த கூட்டம் நெருங்கிற்று.

"சார், என் அடுப்பை அணைச்சிடாதீங்க," என்றார் உணவகக்காரர்.

"ஏரிக்கரை மனை இப்பதான் விலை ஏறுது. வித்துக்கறேன், அப்புறம் எழுதுங்க," என்றார் தரகர்.

"நாங்க எல்லாரும் தின்னாச்சு. இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இவர் 'முதுமை' என்று எழுதினார்.

மச்சினி படித்தாள். "அவருக்கு அம்பதுதான் அத்தான்."

இவர் பேனாவை மூடினார்.

அந்த ஆண்டுச் சோதனையில் தண்ணீர் தேறியது. சேறும் தேறியது. ஏரியில் மீன் இல்லை. பாதரசம் ஊருக்குள் இருக்கிறது.