ஈரப்பதம் கை நனைத்த கதை

டெல்டாவில் விளைந்த நெல்லில் பாதியாவது ஈரப்பதத்தின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் அரிசியாகியிருக்கும். மீதிப் பாதி, அவர் லீவில் இருந்த நாட்களில் வந்தது.

நன்னிலத்தில் எங்கள் தெருக்கோடி வீடு அவருடையது. நெல் கொள்முதல் நிலையத்தில், வரும் நெல்லில் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; வேலையின் பெயரே ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு நெல்லைக் கடித்துக் கண்ணை மூடி, "பத்தொன்பது" என்பார். மெஷினில் வைத்தால் பத்தொன்பதுதான் காட்டும். "மெஷின் சரியாத்தான் இருக்கு" என்று அதற்கும் சான்றிதழ் கொடுப்பார். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பல் தெருவைக் கடிக்க ஆரம்பித்தது. நான் காயவைத்த வடாத்தில் ஒன்றைக் கடித்து, "டீச்சர், இன்னும் ஒரு வெயில் பாக்கி" என்று சொல்லிக்கொண்டே நடந்துபோவார். என் கணவர் புதிதாகப் பூசிய மதிலைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்ததையும் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இப்பேர்ப்பட்டவரை என் மகளுக்குச் சம்பந்தம் பேச ஏன் அழைத்துப்போனேன்? ஆள் கணக்கு இடித்தது. நான், கணவர், என் அண்ணன், அண்ணி என்று நான்கு பேர். நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையில் போகக்கூடாது என்று அண்ணி காரில் ஏற மறுத்துவிட்டார். அந்த நேரத்தில் வாசலில் நின்ற ஒரே மனிதர் ஈரப்பதம். வெள்ளைச் சட்டை வேறு போட்டிருந்தார்.

பையன் வீடு பாபநாசம் பக்கம். அவனும் என் மகள் கயலும் திருச்சியில் ஒரே ஆபீஸ். அவர்களுக்குள் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி முடிக்கவேண்டியதுதான் பாக்கி. "அவங்கப்பா கொஞ்சம் கோவக்காரரும்மா. நல்லபடியா பேசிட்டு வாங்க" என்று கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்தப் பிடி வழியெல்லாம் என் மணிக்கட்டிலேயே இருந்தது.

காபி வந்தது. கூடத்து மூலையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பேச்சு தொடங்குமுன் ஈரப்பதம் எழுந்துபோய் ஒரு மூட்டைக்குள் கைவிட்டார். நான் கணவரின் முழங்காலை இடித்தேன். அவர் அண்ணனை இடித்தார். அண்ணன் வேட்டியில் காபியைக் கொட்டிக்கொண்டார். அதற்குள் 'கடக்' என்று கேட்டுவிட்டது.

"பதினெட்டு."

"அது வெதநெல்லுங்க" என்றார் பையனின் அப்பா, பெருமையாக. "நம்ம வயல்ல எடுத்து வச்சது."

"வெதையா? இவ்வளவு ஈரத்தோட கட்டி வச்சா மொளைக்காதுங்க."

பையனின் அப்பா காபி டம்ளரை 'ணங்'கென்று கீழே வைத்தார்.

"கல்யாணம் பேச வந்த வீட்ல ஒக்காந்துகிட்டு மொளைக்காதுங்கிறீங்க. நீங்க யாரு? பொண்ணுக்கு என்ன வேணும்?"

ஈரப்பதம் நேர்மையாக யோசித்தார். "அஞ்சாவது ஆளுங்க" என்றார்.

முதல் பாகம் அத்தோடு முடிந்தது. கயல் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனாள். ஈரப்பதம் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. வடாம் கடிப்பாரற்றுக் காய்ந்தது.

மூன்று வாரம் கழித்துப் பையனின் அப்பாவிடமிருந்து போன். "ஞாயித்துக்கெழம வாங்க. அந்தக் கடிக்கிற மனுசனையும் கூட்டிக்கிட்டு வாங்க. அவரு இல்லாம வராதீங்க." காரணம் சொல்லாமல் வைத்துவிட்டார். அன்று முதல் நான் ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே மாத்திரையைத் தேடினேன்.

"அங்க வாயத் தொறக்கக்கூடாது" என்று ஈரப்பதத்திடம் சொன்னேன்.

"கடிக்கவும் கூடாதா டீச்சர்?"

"கடிக்கவும் கூடாது."

பாபநாசம் வரை உதட்டை இறுக மூடிக்கொண்டு வந்தார். வெற்றிலை வேண்டுமா என்று அண்ணன் கேட்டதற்குக்கூட விரலை ஆட்டித்தான் பதில்.

உள்ளே நுழைந்ததும் பையனின் அப்பா ஈரச் சாக்குச் சுருள் ஒன்றை ஈரப்பதத்தின் முன் பிரித்தார். "நூறு நெல்லு எண்ணி முடிஞ்சு வச்சேன். பாருங்க." முளை விட்டது முப்பதுகூட இருக்காது. "வெதச்சிருந்தா இந்த வருச சம்பா போயிருக்கும். வேற வெத வாங்கிட்டேங்க." ஈரப்பதம் என்னைப் பார்த்தார். நான் அனுமதி கொடுக்கவில்லை.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பையனின் அப்பா தொடர்ந்தார்: "கல்யாணம் வேற விசயம். எங்கக்காவக் கலந்துக்கணும். தை பொறக்கட்டும், பாக்கலாம்."

எங்கள் பக்கத்தில் 'பாக்கலாம்' என்றால் வேறிடம் பாருங்கள் என்று அர்த்தம். கயலிடம் என்ன சொல்வேன்? பையனின் அம்மா மரியாதைக்கு, "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் காபியோடு சரி. சோற்றில் கை நனைத்தால் சம்மதம் ஆகிவிட்டது என்று பொருள். "இருக்கட்டுங்க, இன்னொரு நாள்" என்றபடி அண்ணன் எழுந்தார். எல்லோரும் எழுந்தோம்.

எண்ணிப் பார்த்தால் நான்கு பேர்தான் இருந்தோம். ஐந்தாவது ஆள் உள்ளே இலைமுன் உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு பருக்கையை முன்பல்லில் வைத்துக் கண்ணை மூடினார். மொத்த வீடும் காத்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

"நல்ல பதம்" என்றார் பையனின் அம்மாவிடம்.

அந்த அம்மாள் கரண்டியோடு திரும்பினார். "பொண்ணு வீட்டுக்காரங்க கை நனச்சாச்சு. இனிமே என்ன பாக்கலாம்?"

"அவரு சொந்தக்காரரே இல்லடி."

"அவரு இல்லாம வராதீங்கன்னு சொன்னது நீங்கதானே? அப்ப அவரு கை போதும்."

பையனின் அப்பா ஈரச் சாக்கைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "எல்லாருக்கும் எலையப் போடு."

திரும்பும்போது காரில் கேட்டேன்: "தெரிஞ்சேதான் ஒக்காந்தீங்களா?"

"பசிச்சுது டீச்சர். பேசக்கூடாது, கடிக்கக்கூடாதுன்னீங்க. சாப்பிடக்கூடாதுன்னு சொல்லலியே." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. சம்பந்தியின் போன் வந்தால் இன்றும் முதலில் மாத்திரையைத்தான் தேடுகிறேன். கயலை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியதும் மண்டப வாசலில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஈரப்பதம் பக்கத்தில் வந்து கவனமாகப் பார்த்தார்.

"டீச்சர், இன்னும் ரெண்டு வெயில் காயணும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தோள் துண்டின் ஒரு முனை நன்றாக நனைந்திருந்தது.

"ஒங்களுக்கு நாலு" என்றேன்.